சரியா, பிழையா? – ஒரு தேர்வு முறையின் வரலாறு

புளியங்கொட்டைகளைக் கைக்குள் மறைத்துக்கொண்டு ‘ஒற்றையா, இரட்டையா?’ என்று கேட்கும் சிறார் விளையாட்டைத் தமிழர் அனைவரும் அறிவர். அதில் வெல்வதற்குக் கல்வி வேண்டியதில்லை. வாய்திறந்து ஏதேனும் ஒன்றைச் சொன்னால் போதும். பாதி முறை வெற்றி கிட்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்வியுலகம் ஏறத்தாழ இதே வடிவமுடைய ஒரு தேர்வை, மாணவர் அறிவை அளக்கும் நேர்மையான கருவியென நம்பிக் கைக்கொண்டது. ஒரு கூற்றை எழுதி, அதன் எதிரே ‘சரி’ அல்லது ‘பிழை’ எனக் குறிக்கச் சொல்வதே அத்தேர்வு. கற்றறிந்த பேராசிரியர்கள் இத்துணை எளிய கருவியை ஏன் விரும்பினர் என்பதை உணர, அதற்கு முன்பிருந்த தேர்வுகளின் நிலையை அறிதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் அமெரிக்கப் பள்ளிகளில் தேர்வு என்பது பெரும்பாலும் வாய்மொழியாகவே நடந்தது. ஊர்ப் பெரியோர் அடங்கிய குழுவொன்று பள்ளிக்கு வரும். மாணவரை எழுப்பி வினவும். மகிழ்ந்து பாராட்டிச் செல்லும். ஒருவனுக்கு எளிய கேள்வியும் இன்னொருவனுக்குக் கடிய கேள்வியும் வாய்ப்பது அவரவர் ஊழ். 1845-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் இந்நிலை மாறியது. மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளராயிருந்த ஹோரஸ் மான் என்பாரின் தூண்டுதலாலும், தேர்வுக் குழுவில் இடம்பெற்ற அவர்தம் நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹௌ முதலியோரின் முயற்சியாலும், அச்சிட்ட கேள்விகள் நகரப் பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர் ஐந்நூற்றுவருக்கு மேற்பட்டோரிடம் வழங்கப்பெற்றன. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே கால அளவு, எழுத்தில் விடை. விளைவு தலைமையாசிரியர்களுக்குத் தலைக்குனிவாய் முடிந்தது. அதனால் எழுந்த பூசல் ஒருபுறமிருக்க, எழுத்துத் தேர்வு நிலைபெற்றுவிட்டது.

கேள்வி பொதுவானது. ஆனால் திருத்துகின்ற கை? அது பொதுவாகவில்லை. இதனை முதலில் எண்ணிக்கையால் காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் பொருளியல் அறிஞர் எட்ஜ்வொர்த். அவர் இலத்தீன் உரைநடைப் பயிற்சி ஒன்றைத் தகுதிவாய்ந்த 28 பேர் திருத்தி அளித்த புள்ளிகளை ஆராய்ந்து 1890-இல் வெளியிட்டார். நூற்றுக்கு 45 தந்தவரும் இருந்தனர். முழுமையாய் 100 தந்தவரும் இருந்தனர். போட்டித் தேர்வுகளில் தற்செயலுக்கும் ஒரு பங்குண்டு என்பதே அவர் உரைத்த செய்தி. அரசுப் பணிகளுக்கு அத்தகைய தேர்வுகளால் ஆள் தெரிந்த காலத்தில் இது கேட்பதற்கு இனிய சொல்லன்று.

எட்ஜ்வொர்த் தொடங்கியதைப் பொதுமக்கள் காதுவரை கொண்டுசென்றவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்னும் இருவர். உயர்நிலைப்பள்ளி மாணவர் எழுதிய ஆங்கில விடைத்தாள்கள் இரண்டை அப்படியே படியெடுத்து இருநூறு பள்ளிகளுக்கு அவர்கள் அனுப்பினர். அப்பள்ளிகளில் அப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், தம் பள்ளி வழக்கப்படி அவற்றைத் திருத்தித் தருதல் வேண்டும். திரும்பி வந்தவற்றுள் 142 கணக்கிற்கு உகந்தனவாய் இருந்தன. 1912-இல் அம்முடிவுகள் வெளியாயின. ஒரு விடைத்தாளுக்கு 64 முதல் 98 வரையும், மற்றொன்றுக்கு 50 முதல் 97 வரையும் புள்ளிகள் வழங்கப்பட்டிருந்தன. தாள் ஒன்றே, எழுதிய மாணவன் ஒருவனே. ஒரு பள்ளியில் அவன் முதல்வரிசை மாணவன். இன்னொரு பள்ளியில் தோற்றுப்போனவன்.

ஆங்கிலத் தாள் என்றால் சுவையும் கருத்தும் கலக்கும், ஆகவே புள்ளிகள் வேறுபடுதல் இயல்பே என்று சிலர் வாதிட்டனர். அவ்வாதத்திற்கு விடைகூறவே அடுத்த ஆண்டில் அவ்விருவரும் வடிவியல் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டனர். முக்கோணத்திலும் வட்டத்திலும் சுவைக்கு இடமேது? ஆயினும் நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர் திருத்திய அத்தாளின் புள்ளிகள் 28-இல் தொடங்கித் தொண்ணூற்றையும் கடந்து சென்றன; ஆங்கிலத் தாளைக் காட்டிலும் பரந்த வேறுபாடு. விடை பிழையாயினும் வழி சரியென்று புள்ளி தந்தவர் ஒருவர். வழியைப் பாராது விடையை மட்டும் பார்த்தவர் மற்றொருவர். கையெழுத்தும் தூய்மையும் போதாவென்று குறைத்தவர் இன்னொருவர். எவரும் வஞ்சனையால் அவ்வாறு செய்திலர் என்பதே இங்கு எண்ணத்தக்கது. ஒவ்வொருவரும் தத்தம் மனச்சான்றின்படியே நடந்தனர்.

பல ஆசிரியர் வேறுபடுவதாவது ஒருவாறு பொறுக்கலாம். ஓர் ஆசிரியர் தம்மோடு தாமே வேறுபட்டால் என்செய்வது? இங்கிலாந்தில் ஹார்டாக், ரோட்ஸ் என்னும் இருவர் 1935-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கும் சான்று தந்தது. முன்னர் ஒரே நடுத்தரப் புள்ளியைப் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை 14 தேர்வாளர்கள் திருத்தினர். ஓராண்டும் அதற்கு மேலும் கழிந்தபின் அவையே மீண்டும் அவர்களிடம் கொடுக்கப்பட்டன. தேர்ச்சி, தோல்வி, சிறப்பு என அவர்கள் வழங்கிய 210 தீர்ப்புகளில் 92 மாறிப்போயின.

இத்தகைய முடிவுகளைக் கண்டு கலங்கிய கல்வியாளர்க்கு ஒரே வழி தென்பட்டது: திருத்துபவரின் மனம் விடைத்தாளில் நுழையாதவாறு அடைத்துவிடுதல். கான்சஸ் மாநிலத்தின் எம்போரியா ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய பிரெடரிக் கெல்லி, ஆசிரியர் தரும் புள்ளிகளின் வேறுபாட்டையே தம் முனைவர்ப் பட்ட ஆய்வுக்குப் பொருளாக்கிக் கொண்டவர். அவர் 1915-இல் வெளியிட்ட வாசிப்புத் தேர்வில் சிறுவர் தாமாக எதனையும் எழுத வேண்டுவதில்லை. தரப்பட்டவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கோடிட்டால் போதும். பசு, புலி, எலி, ஓநாய் ஆகிய நான்கனுள் பண்ணைக்குப் பயன்படும் விலங்கு எது என்பது அதில் வந்த ஒரு கேள்வி. எலியைக் கோடிட்டவனுக்கு வாதாட இடமில்லை. விடைக்குறிப்பு ஒன்றிருந்தால் எவர் திருத்தினும் புள்ளி ஒன்றே.

பிறகு போர் வந்தது. 1917-இல் அமெரிக்கா முதலாம் உலகப்போரில் இறங்கியதும், ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலார் படைவீரரின் மனத்திறனை அளக்க முன்வந்தனர். ஆல்பா, பீட்டா எனப் பெயர்பெற்ற அத்தேர்வுகளைப் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் எழுதினர். ஆல்பாத் தேர்வின் ஒரு பகுதியில் சொற்கள் இடம்மாறிக் கிடக்கும் தொடர் தரப்படும். அதனை மனத்துக்குள் ஒழுங்குபடுத்தி, அது மெய்யா பொய்யா எனக் குறித்தல் வேண்டும். அத்தேர்வுகளிலிருந்து இன மேன்மை பற்றி வருவிக்கப்பட்ட முடிவுகள் பின்னாளில் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயின. எனினும் பள்ளி ஆசிரியர் கண்டது வேறொன்று: இலட்சக்கணக்கான தாள்களை எழுத்தர்கள் திருத்தியிருந்தனர், ஒரு பேராசிரியரும் அமர்ந்து படிக்கவில்லை.

1920-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் மெக்கால், புதுவகைப் பள்ளித் தேர்வு ஒன்றனைப் பற்றி ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். அப்புதுவகை யாதெனில், வகுப்பாசிரியரே தம் பாடத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் சரி–பிழைத் தேர்வு. நான்கு விடைகளைப் புனைந்து தேடும் தொல்லையில்லை. ஒரு கூற்றை எழுதினால் ஒரு கேள்வி முடிந்தது. கட்டுரை வினா ஐந்தனுக்கு விடையெழுதும் நேரத்தில் நூறு கூற்றுகளைக் கேட்கலாம். ஆகவே பாடத்தின் மூலைமுடுக்கெல்லாம் துருவலாம். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இம்முறை காட்டுத்தீயெனப் பரவியது. கொலம்பியாவின் சட்டக் கல்லூரியிலேயே பென் வுட் என்பார் இதனை முயன்று பார்த்தார். சட்டம் கற்போரைச் ‘சரி, பிழை’ கூறவைத்த அம்முயற்சியை முதுபெரும் வழக்கறிஞர்கள் எத்தகைய முகத்தோடு பார்த்திருப்பர் என்பது கற்பனைக்குரியது.

புதுமையின் மயக்கம் தணிந்ததும் பழைய ‘ஒற்றையா, இரட்டையா’ நினைவுக்கு வந்தது. பாடத்தைத் தொட்டும் பாராத ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் என்ன கிடைக்கும்? பத்துக் கூற்றுகள் கொண்ட தேர்வில் ஏழோ அதற்கு மேலோ சரியாகக் குறித்துவிட அவனுக்குள்ள வாய்ப்பு நூற்றுக்கு 17. அஃதாவது, ஒன்றும் அறியாத நூறு மாணவரை அமர்த்தினால், பதினெழுவர் எழுபது விழுக்காட்டோடு தேறி வீடு திரும்புவர். கூற்றுகள் இருபதானால் எழுபது விழுக்காடு எட்டுவோர் ஏறத்தாழ அறுவராகக் குறைவர். ஐம்பதானால் ஆயிரத்தில் மூவர். நூறானால் இலட்சத்தில் நால்வர். ஆகவே ஊகத்தால் தேறிவிடுவர் என்னும் அச்சம் குறுந்தேர்வுக்குப் பொருந்தும், நெடுந்தேர்வுக்குப் பொருந்தாது. இவ்வேறுபாட்டை மறந்து முறையினை முழுவதும் பழித்தாரும் உளர். முழுவதும் புகழ்ந்தாரும் உளர். வகுப்பறையில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் பத்துக் கேள்வித் தேர்வுகளே எண்ணிக்கையில் மிகுதி என்பதைப் புகழ்ந்தோர் கருதியிருக்கலாம்.

நீளம் கூடினால் நம்பகம் கூடும் என்பதற்குக் கணக்கு முன்பே இருந்தது. 1910-இல் ஸ்பியர்மன், பிரௌன் என்னும் ஆங்கிலேயர் இருவர் தனித்தனியே ஒரே வாய்பாட்டைக் கண்டறிந்து, ஒரே இதழில் வெளியிட்டனர். மீண்டும் மீண்டும் அளந்தால் ஒரே முடிவைத் தருமா என்பதைச் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்ணால் குறிப்பது உளவியலார் வழக்கம். 0.50 நம்பகமுள்ள தேர்வை அதே தரமுள்ள கேள்விகளால் இருமடங்காக நீட்டினால் 0.67 ஆகும், நான்மடங்காக நீட்டினால் 0.80 ஆகும் என்றது அவ்வாய்பாடு. சரி–பிழைத் தேர்வின் ஆதரவாளர் இதனையே தம் கோட்டையாக்கிக்கொண்டனர். தனித்தனிக் கேள்வி நலிந்ததாயினும், விரைந்து விடையளிக்கத் தக்கதாதலால், எண்ணிக்கையால் ஈடுகட்டலாம் என்றனர். பின்னாளில் 1973-இல் பிரிஸ்பி என்பார் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பல்தேர்வுக் கேள்விகள் இரண்டனுக்கு விடைகூறும் நேரத்தில் சரி–பிழைக் கூற்றுகள் ஏறத்தாழ மூன்றனுக்கே மாணவர் விடையளித்தனர். எதிர்பார்த்த அளவுக்கு விரைவு கூடவில்லை. அதனால் ஈடும் முழுமையாகவில்லை.

ஊகத்தின் பயனைக் கழிக்க இன்னொரு வழியும் கையாளப்பட்டது. சரியான விடைகளின் எண்ணிக்கையிலிருந்து பிழையானவற்றின் எண்ணிக்கையைக் கழித்துவிடுதல் அது. படைத் தேர்வின் மெய்–பொய்ப் பகுதியிலும் இவ்வழியே பின்பற்றப்பட்டது. நூறு கூற்றுகளில் அறுபதனை அறிந்த ஒருவன், எஞ்சிய நாற்பதனை ஊகித்து இருபது சரியாகவும் இருபது பிழையாகவும் குறித்தால், 80-இலிருந்து 20 போக 60 நிற்கும். அவன் அறிந்ததும் அறுபதே. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் இருபதுக்கு இருபது என்பது சராசரியில்தான் உண்மை; தனியொருவன் வாழ்வில் அன்று. நாற்பது ஊகத்தில் 23 சரியாவதும் 17 சரியாவதும் அன்றாட நிகழ்ச்சிகளே. முன்னவன் 66 பெறுவான். பின்னவன் 54 பெறுவான். இருவரும் அறிந்தது ஒன்றே. தேர்ச்சிக்கு 60 என எல்லை வகுத்திருந்தால் ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே.

இதனினும் நுட்பமான குறையொன்று உண்டு. கழிக்கப்படும் என அறிந்ததும் அஞ்சிய மாணவன் ஐயமுள்ள கூற்றுகளை விட்டுவிடுகிறான், துணிந்தவன் விடுவதில்லை. ஐயம் என்பது முழு அறியாமையன்று, அரைகுறை அறிவும் அதிற் கலந்திருக்கும். ஆதலால் துணிந்தவன் நாற்பதில் 26-ஐச் சரியாகக் குறித்துப் பன்னிரண்டு புள்ளி கூடுதலாகப் பெறுகிறான். அதே அரைகுறை அறிவுடைய அஞ்சியவன் அறுபதோடு நின்றுவிடுகிறான். ஊகிப்பதைத் தண்டிக்க வந்த விதி, ஊகியாதவனையே தண்டித்தது. இதனை ஸ்லாக்டர் என்பார் 1968-இல் எடுத்துக்காட்டினார். வரலாறு கேட்ட தேர்வு, நெஞ்சுரத்தையும் சேர்த்தே அளந்துகொண்டிருந்தது. பல்தேர்வு வடிவிலமைந்த அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி.யில் பிழை விடைக்குக் கழிக்கும் வழக்கம் 2016-இல்தான் கைவிடப்பட்டது.

கூற்றுகளை அமைத்த ஆசிரியரும் தம்மையறியாமல் விடையைக் காட்டிக் கொடுத்தனர். ‘எல்லா’, ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்னும் சொற்கள் வந்தால் அக்கூற்று பெரும்பாலும் பிழை. ‘சில வேளைகளில்’, ‘பொதுவாக’ என வந்தால் பெரும்பாலும் சரி. உலகில் விதிவிலக்கில்லாத பொருள் அரிதாதலால் இவ்வாறு அமைந்துவிடுகிறது. 1920-களின் இறுதியிலேயே ஆய்வாளர் கூற்றுகளைத் தொகுத்து எண்ணி இக்குறையை வெளிப்படுத்தினர். மாணவர்க்கோ ஆய்வு தேவைப்படவில்லை. மூன்றாம் தேர்விலேயே அவர்கள் கண்டுகொண்டனர். கூற்று நீண்டிருந்தால் சரியாயிருக்கும் என்பதும் அவர்தம் வழிவழிச் செல்வம். மெய்யான கூற்றைப் பிழைபடாது எழுத ஆசிரியர் அடைமொழிகளைச் சேர்த்துக்கொண்டே போவதால் விளைவது அது.

1942-இல் லீ குரோன்பாக் வேறொரு கோணத்திலிருந்து நோக்கினார். ஐயம் வந்தால் மாணவர் ‘சரி’, ‘பிழை’ இரண்டையும் சமமாகக் குறிப்பதில்லை. பலர் ‘சரி’ பக்கமே சாய்கின்றனர். அச்சிட்டு வந்ததை மறுக்க மனம் தயங்குகிறது போலும். இதன் விளைவு யாதெனில், மெய்யான கூற்றுக்குச் ‘சரி’ எனக் குறித்தவன் அறிந்தும் குறித்திருக்கலாம், தலையசைத்தும் குறித்திருக்கலாம். பொய்யான கூற்றைப் ‘பிழை’ என மறுத்தவனோ பெரும்பாலும் அறிந்தே மறுக்கிறான். ஆகவே ஒரே தாளில் பொய்க் கூற்றுகள் மெய்க் கூற்றுகளை விட நம்பகமாய் அளந்தன. தலையசைக்கும் பழக்கத்தை வளர்த்த பள்ளிக்கே அதனால் அளவை கெட்டதென்று சொன்னால் மிகையாகாது.

இவ்வளவு குறைகள் வெளிப்பட்ட பின்னரும் இம்முறை மறையாததற்குப் பொறி ஒரு காரணம். மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியராயிருந்த ரெனால்ட் ஜான்சன், பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் இயல்பைக்கொண்டு விடைத்தாளைத் திருத்தும் பொறி ஒன்றை உருவாக்கினார். சிறுவயதில் தம் தமக்கையரைக் காணவந்த இளைஞரின் கார் எரிபொறிச் செருகிகளில் பென்சிலால் கிறுக்கி, வண்டி கிளம்பாமற் செய்த குறும்பே அதற்கு வித்தென்று சொல்லப்படுவதுண்டு. ஐ.பி.எம். நிறுவனம் அவரைப் பணிக்கு அமர்த்தி, 805 என்னும் எண்ணிட்ட அப்பொறியை 1938-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஒரு தாளில் ஐந்து விடைக் கேள்விகள் 150 அல்லது சரி–பிழைக் கூற்றுகள் 300 அடங்கும். பழகிய ஒருவர் மணிக்கு 800 தாள்களைத் திருத்தலாம். அதனோடு எந்த ஆசிரியர் போட்டியிட இயலும்?

அறிவு நிலையில் இத்தேர்வுக்கு வலிமையான பாதுகாவலராய் விளங்கியவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஈபல். சரி–பிழைத் தேர்வுக்கு ஆதரவாக 1970-இல் அவர் எழுதிய கட்டுரை, இதனைச் சோம்பேறி ஆசிரியரின் கருவியெனப் பழித்தோர்க்கு விடையாயிற்று. அவர் வாதம் இது: கல்வியின் பயன் பெரும்பாலும் சொல்லால் ஆன அறிவு; சொல்லால் ஆன அறிவு கூற்றுகளால் ஆனது; ஒரு கூற்று மெய்யா பொய்யா எனப் பிரித்தறிதலே அவ்வறிவு. அவ்வாறாயின் கூற்றைத் தந்து அதன் மெய்ம்மையைக் கேட்பதைவிட நேரான தேர்வு எது? இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நீதிபதியும் மருத்துவரும் நாள்தோறும் செய்வது இதுவன்றோ? பாடநூல் தொடரை அப்படியே பெயர்த்தெழுதாமல், கற்ற கருத்தைப் புதிய சூழலில் வைத்துக் கூற்றமைக்க வேண்டுமென்றும், பொய்க் கூற்றுகளைச் சற்றே மிகுதியாக்க வேண்டுமென்றும் அவர் அறிவுறுத்தினார். அத்தகைய கூற்று ஒன்றை எழுத எவ்வளவு நேரமாகும் என்பதை எழுதிப் பார்த்தவரே அறிவர். சிக்கனத்துக்காகப் பிறந்த தேர்வு, செவ்விதாய் அமைய வேண்டுமெனில் சிக்கனம் கெடும்.

தேர்வு அளப்பதோடு நிற்பதில்லை, கற்பிக்கவும் செய்கிறது என்னும் கவலையும் நெடுநாளாய் உண்டு. பொய்க் கூற்றைப் படித்த மாணவன் மனத்தில் அப்பொய் தங்கிவிடாதா? ரெம்மர்ஸ் இணையர் 1926-இலேயே இதனை ஆராய்ந்து, தீங்கு சிறிதே என்றனர். ஆனால் 1977-இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டாப்பினோ ஆகிய மூவர், மீண்டும் மீண்டும் கேட்ட கூற்று மெய்போலத் தோன்றுகிறது என்பதைச் சோதனையால் காட்டினர். அம்மூவருள் ஒருவரான டாப்பினோ 1989-இல் பிரோச்சினோடு சேர்ந்து அதனைச் சரி–பிழைத் தேர்வில் வைத்துப் பார்த்தபோது, தேர்வில் கண்ட பொய்க் கூற்றுகளை மாணவர் பின்னர், காணாத பொய்களை விட மெய்யெனக் கருதினர். ஒரு தேர்வில் பிழை விடுபவன் அடுத்த தேர்விலும் அதே பிழையை விடுவதற்கு அத்தேர்வே வழிகோலியிருக்கலாம். தேர்வு முடிந்ததும் விடைகளைச் சொல்லித் திருத்திவிட்டால் இத்தீங்கு பெரிதும் நீங்கும். ஆனால் பொறி திருத்திய தாள்கள் பல வேளைகளில் புள்ளியாக மட்டுமே மாணவரிடம் திரும்பி வந்தன.

ஊகத்தையும் இத்தீங்கையும் ஒருங்கே குறைக்க, ஆசிரியர் பலர் ஒரு மாற்றத்தைக் கைக்கொண்டனர். பிழையெனக் குறித்தால் மட்டும் போதாது; எச்சொல்லால் அது பிழையாயிற்று என்று அடிக்கோடிட்டு, சரியான சொல்லை மேலே எழுதவும் வேண்டும். நாணயம் சுண்டிப் ‘பிழை’ என்றவன் இங்கே அகப்பட்டுக்கொள்வான். ஆனால் எழுதத் தொடங்கியதும் கையெழுத்து வருகிறது, எழுத்துப்பிழை வருகிறது, பாதி சரியான விடையும் வருகிறது. 1912-இல் 142 ஆசிரியர் வேறுபட்ட அந்த இடத்தில், அரைப் புள்ளி தருவதா, ஒரு புள்ளி தருவதா எனச் சிவப்பு மையை ஏந்தியபடி ஆசிரியர் மீண்டும் தயங்கி நிற்கிறார்.